‘பிடிக்கும்’ என்று பிரெஞ்சில் சொல்ல ஆங்கிலம் சுற்றுவழி

லங்காவியில் ஒரு தங்கும் விடுதி. அதன் வரவேற்பு முகப்பில் ஒரு பெண் வேலை செய்கிறாள். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்தவள் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு அவளுக்கு நல்ல பழக்கம். ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டு மகன் நலம் விசாரித்துச் செய்தி அனுப்புகிறான். ‘நீ நல்ல பையன், உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்று அவன் மொழியிலேயே இரண்டு வார்த்தை எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆங்கிலம் - பிரெஞ்சு அகராதியைப் புரட்டுகிறாள். ‘லைக்’ என்ற சொல்லுக்கு நேரே ‘எமே’ என்று போட்டிருக்கிறது. இலக்கணப் பக்கத்தையும் பார்த்து, பிழையில்லாமல் ‘ஜ தெம்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நாள் பதிலே இல்லை.

அவள் செய்த தவறு என்ன? எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அவள் எழுதியது ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்பதல்ல. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதிவிட்டாள்!

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். உண்மையிலேயே மனத்தைப் பறிகொடுத்த ஓர் இளைஞன், ‘ஜ தெம்’ மட்டும் போதாது என்று நினைத்து, கூடவே ‘பியேன்’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதுகிறான். ‘பியேன்’ என்றால் ‘நன்றாக’ என்று அகராதி சொல்கிறது. நன்றாக நேசிக்கிறேன் என்றால் இன்னும் பலமாக இருக்கும் அல்லவா? இருக்காது. அதைப் படிக்கும் பெண், ‘நீ நல்ல சிநேகிதன், அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்காதே’ என்றுதான் புரிந்துகொள்வாள்.

விருப்பத்தையும் அன்பையும் சொல்லும் சொற்கள் எந்த மொழியிலும் இப்படித்தான். அரிசி, உப்பு, புளி மாதிரி ஒரு கடையில் எடுத்து இன்னொரு கடையில் அப்படியே வைக்க முடியாது. ஆனால் இதில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள் ‘இது கடினம், கவனம்’ என்று ஆங்கிலம் பேசுவோரை எச்சரிக்கும் இடங்களில் பல, தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான இடங்கள்.

கெடாவுக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

‘பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. சுங்கை பட்டாணி நகரில் ‘கான்வென்ட் ஃபாதர் பாரே’ என்று ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. தோட்டங்களிலிருந்து பேருந்து ஏறி வந்து அங்கே படித்துத் தாதியரும் ஆசிரியருமான தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். அந்த ‘பாரே’ யார்? 1621 முதல் 1686 வரை வாழ்ந்த நிக்கோலா பாரே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்த அவர் தொடங்கிய அமைப்பிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள் 1852ஆம் ஆண்டு பினாங்கில் வந்திறங்கினார்கள். அந்த வழியில் வந்த பெயர்தான் இன்றும் சுங்கை பட்டாணியில் ஒரு பள்ளியின் வாசலில் இருக்கிறது.

இது பழைய கதை. இன்றைய கதையும் உண்டு. நாட்டின் சில உறைவிடப் பள்ளிகளில் பிரெஞ்சு மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் பிரெஞ்சு மொழித் தாள் இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் அலியான்ஸ் பிரான்சேஸ் மையம் வகுப்பு நடத்துகிறது. லங்காவிக்கு வரும் சுற்றுப்பயணிகளில் பிரெஞ்சுக்காரர்களும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி செயலிகளில் இலவசமாகவே பாடம் கிடைக்கிறது.

ஆனால் இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகத்தான் வருகின்றன. ஆங்கிலம் பேசுபவர் எங்கே இடறுவார் என்று கணித்து எழுதப்பட்டவை அவை. அதைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, தனக்குத் தெரிந்ததை மறந்துவிட்டு, ஆங்கிலேயர் இடறும் இடத்தில் தானும் இடறுகிறது. வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போக வேண்டியவர், ஊரைச் சுற்றி முன்வாசலைத் தேடுவது போன்றது இது.

மூன்று மொழி, மூன்று கணக்கு

கெடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளை பிரெஞ்சுக்குப் போகும் முன்பே மூன்று மொழிகளில் விருப்பத்தைச் சொல்லப் பழகிவிடுகிறது. அந்த மூன்றின் கணக்கையும் முதலில் பார்ப்பது நல்லது.

ஆங்கிலத்தில் ‘லைக்’, ‘லவ்’ என்று இரண்டு படிகள். ஆனால் ‘லவ்’ என்ற சொல்லை ஐஸ்கிரீமுக்கும் போடுவார்கள், அம்மாவுக்கும் போடுவார்கள்.

மலாய் மொழியில் ‘சுக்கா’ என்றால் பிடிக்கும். டுரியானும் ‘சுக்கா’, பந்து விளையாடுவதும் ‘சுக்கா’. பிள்ளையை, மனைவியை, தாத்தாவை நெஞ்சோடு அணைப்பது ‘சாயாங்’. காதலுக்கு ‘சிந்தா’. இவை தவிர ‘காசே’ என்று ஒரு சொல். அன்பு என்பது அதன் பொருள். ‘தெரிமா காசே’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறோமே, அதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘அன்பைப் பெற்றுக்கொள்’ என்றுதான் வரும். நன்றிக்குள் அன்பை வைத்திருக்கிறது அந்த மொழி.

தமிழில் படிகள் இன்னும் அதிகம். விருப்பம், ஆசை, பிரியம், பாசம், நேசம், அன்பு, காதல். தோட்டத்துப் பேச்சில் ‘அவன் மேல உசுரையே வச்சிருக்கா’ என்பார்கள். அது எல்லாவற்றுக்கும் மேல்படி. அன்றாடம் புழங்குவது மட்டும் ஒரே சொல், ‘பிடிக்கும்’.

பிரெஞ்சு மொழியின் கணக்கு இந்த மூன்றிலிருந்தும் வேறு. அங்கே ‘எமே’ என்ற ஒரே வினைச்சொல், விருப்பத்தையும் காதலையும் சேர்த்துச் சுமக்கிறது. அப்படியானால் கேட்பவர் எதை எதென்று கண்டுபிடிப்பது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சேர்த்தால் குறையும்

பொருளைப் பற்றிப் பேசும்போது சிக்கல் இல்லை. ‘ஜெம் ல கஃபே’ என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். காப்பியை யாரும் காதலிக்கப் போவதில்லை என்பதால் பொருள் தெளிவு. ‘ஜெம் பியேன் ல கஃபே’ என்றால் ‘பிடிக்கும், பரவாயில்லை’ என்ற அளவு. ‘ஜெம் போக்கூ ல கஃபே’ என்றால் மிகவும் பிடிக்கும். ‘ஜதோர் ல கஃபே’ என்றால் ரொம்ப ரொம்பப் பிடிக்கும். ‘ஜதோர்’ என்பதை வழிபாடு என்று பயந்துகொள்ள வேண்டாம். அன்றாடப் பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் சொல் அது.

ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் கணக்கு மாறுகிறது. ‘ஜ தெம்’ என்று தனியாகச் சொன்னால் அதுவே உச்சம். கணவன் மனைவிக்கும், தாய் பிள்ளைக்கும், காதலர் இருவருக்கும் உரியது. அதோடு ‘போக்கூ’ சேர்த்தால், அதாவது ‘மிகவும்’ என்று சேர்த்தால், பொதுவாகச் சூடு குறைந்து நல்ல பிரியம் என்றாகிவிடும். ‘பியேன்’ சேர்த்தால் இன்னும் குறைந்து நட்பாகிவிடும். சொல் கூடக் கூட அன்பு குறைகிறது!

ஆங்கிலம் பேசுபவருக்கு இது விநோதம். ‘மிகவும்’ என்று சேர்த்தால் கூடத்தானே வேண்டும் என்று அவர் திகைப்பார். ஆனால் தமிழ்க் காதுக்கு இது புதிதா? ‘பையன் நல்லவன்’ என்று ஒருவர் சொன்னால் சந்தேகமே இல்லை. ‘பையன் நல்லவன்தான்’ என்று சொன்னால்? உடனே பெண் வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஆனா...?’ என்று கேட்பார்கள். ‘உன்னைப் பிடிக்கும்’ என்பது ஒன்று, ‘உன்னைப் பிடிக்கும்தான்’ என்பது வேறு. ஒரு ‘தான்’ சேர்ந்ததும் சூடு குறைந்துவிட்டது. ஆளைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சின் ‘பியேன்’ செய்யும் வேலையும் ஏறத்தாழ இந்தத் ‘தான்’ செய்யும் வேலைதான். இலக்கணத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காதில் விழும் விளைவு ஒன்று.

லங்காவிப் பெண் எழுதியிருக்க வேண்டியது ‘ஜ தெம் பியேன்’. அந்தக் காதல் இளைஞன் எழுதியிருக்க வேண்டியது வெறும் ‘ஜ தெம்’.

அந்த ‘ஜ தெம்’ என்ற வாக்கியத்தின் அமைப்பையும் பாருங்கள். ‘ஜ’ என்றால் நான். ‘த’ என்றால் உன்னை. ‘எம்’ என்றால் நேசிக்கிறேன். நான் - உன்னை - நேசிக்கிறேன். தமிழ் வரிசை அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் நான் - நேசிக்கிறேன் - உன்னை என்று வினை நடுவில் போய் நிற்கும். ‘உன்னை’, ‘அவனை’, ‘அவளை’ போன்ற சிறு சொற்கள் வரும்போது பிரெஞ்சும் தமிழைப் போல் அவற்றை வினைக்கு முன்னே வைக்கிறது. காப்பி, தேநீர் என்று பெயர்ச்சொல் வந்தால் மட்டும் ஆங்கிலத்தைப் போல் வினைக்குப் பின்னே வைக்கும்.

தே தாரிக்கும் பிரெஞ்சும்

பொருளைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஐ லைக் டீ’ என்றால் போதும். பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் ‘ல’ அல்லது ‘லா’ என்ற சுட்டுச் சொல் கட்டாயம் வரும். ஆண்பால் பொருளுக்கு ‘ல’, பெண்பால் பொருளுக்கு ‘லா’, பன்மைக்கு ‘லே’. ‘ஜெம் ல தே’, எனக்குத் தேநீர் பிடிக்கும்.

‘தே’ என்றதும் கெடாக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். சாப்பாட்டுக் கடையில் தினமும் கேட்கிற ‘தே தாரிக்’கின் அதே ‘தே’. சீனத்தின் ஹொக்கியன் மக்கள் ‘தே’ என்று அழைத்த இலைதான் கப்பலேறி மலாயிலும் ‘தே’ ஆனது, ஐரோப்பா போய்ப் பிரெஞ்சிலும் ‘தே’ ஆனது.

பிடிக்காது என்று சொல்ல, வினையை ‘ந’, ‘பா’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே வைக்க வேண்டும். ‘ஜ நெம் பா ல துரியான்’, எனக்கு டுரியான் பிடிக்காது. இங்கேயும் அந்த ‘ல’ அப்படியே நிற்கும். வேறு பல வினைகளோடு எதிர்மறை வரும்போது சுட்டுச் சொல் மாறும் என்று படித்த பிள்ளைகள் இங்கேயும் மாற்றிவிடுவார்கள். விருப்பச் சொற்களோடு அது மாறாது.

செயலைப் பற்றிச் சொல்ல, வினையின் மூல வடிவத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும். ‘ஜெம் ஷான்தே’, எனக்குப் பாடப் பிடிக்கும். தமிழில் ‘பாட’ என்று வருவது போலத்தான்.

கடையில் ஒன்றைக் கேட்கும்போது மட்டும் ‘ஜெம்’ வேண்டாம். ‘ஜெம் ல கஃபே’ என்றால் அது உங்கள் ரசனையைப் பற்றிய செய்தி. காப்பி மேசைக்கு வராது. ‘ஜ வூத்ரே’ என்று தொடங்க வேண்டும். ‘எனக்கு ஒரு காப்பி வேண்டும்’ என்பதைப் பணிவாகக் கேட்கும் முறை அது.

எனக்குப் பிடிக்கும்: நான்காம் வேற்றுமையின் மகிமை

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தில் ‘நான்’ எங்கே? எங்கும் இல்லை. ‘எனக்கு’ என்றுதான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். தமிழில் பசியும் ‘எனக்கு’, தெரிவதும் ‘எனக்கு’, வேண்டுவதும் ‘எனக்கு’, பிடிப்பதும் ‘எனக்கு’. மனத்துக்குள் நடக்கும் பல விஷயங்களை மனிதன் செய்யும் வேலையாகத் தமிழ் பார்ப்பதில்லை. அவை அவனிடம் வந்து சேர்கின்றன.

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தைக் கேட்டால் ‘நாக்கு இஷ்டம்’ என்பார்கள். மலையாளக் குடும்பத்தில் ‘எனிக்கு இஷ்டமாணு’ என்பார்கள். எல்லாம் ‘எனக்கு’தான்.

பிரெஞ்சிலும் இதே அமைப்பு உண்டு. ‘எமே’ தவிர ‘ப்லேர்’ என்று இன்னொரு வினைச்சொல் இருக்கிறது. ‘சா ம ப்லே’ என்றால் ‘இது எனக்குப் பிடிக்கிறது’. ‘சா’ இது. ‘ம’ எனக்கு. ‘ப்லே’ பிடிக்கிறது. சொல்லுக்குச் சொல், வரிசைக்கு வரிசை தமிழேதான். ‘இந்தப் படம் என் அம்மாவுக்குப் பிடிக்கும்’ என்பதற்கு, அம்மாவைக் குறிக்கும் ‘மா மேர்’ என்ற சொற்களுக்கு முன்னால் ‘ஆ’ என்ற ஓர் எழுத்தைப் போடுவார்கள். நம் ‘கு’ பின்னால் ஒட்டுகிறது, அவர்கள் ‘ஆ’ முன்னால் வருகிறது. வேலை ஒன்று.

ஆங்கிலம் பேசுபவர் இதைக் கற்க நாள் கணக்கில் பயிற்சி செய்கிறார். அவர் மொழியில் விரும்புகிறவர்தான் எழுவாய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘லைக்’ என்ற சொல்லே ‘பிடித்திருப்பது’ என்ற பொருளில், ‘அது எனக்குப் பிடிக்கிறது’ என்ற அமைப்பில்தான் இருந்தது. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட அப்படி எழுதினார்கள். பிறகு ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது. தமிழ் தொலைக்கவில்லை.

உலகெங்கும் மனிதர் சொல்லும் ‘தயவுசெய்து’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘சில் வூ ப்லே’ என்பார்கள். அதற்குள் இருப்பதும் இதே ‘ப்லே’. ‘உங்களுக்குப் பிடித்தமானால்’ என்பது அதன் நேர்ப்பொருள்.

விருந்தோம்பல் துறையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் மிகவும் பயன்படும். சாப்பாடு முடிந்த மேசையருகே போய், ‘சா வூசா ப்ல்யூ?’ என்று கேட்க வேண்டும். ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா?’ என்று பொருள். ‘உங்களுக்கு’ என்ற மரியாதை, ‘கு’ என்ற வேற்றுமை, ‘பிடித்திருந்தது’ என்ற முடிந்த காலம், மூன்றும் தமிழில் இருப்பது போலவே அதில் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. பொருளுக்குச் சொல்லும் ‘ப்லேர்’ வேறு, ஆளுக்குச் சொல்லும் ‘ப்லேர்’ வேறு. ‘த்யூ ம ப்லே’ என்று ஓர் ஆணிடமோ பெண்ணிடமோ சொன்னால், ‘நீ என்னைக் கவர்கிறாய்’ என்ற பொருள் வந்துவிடும். அத்தை மகனிடம் சொல்வதற்கும் அலுவலக மேலாளரிடம் சொல்வதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

பிரிந்திருக்கும் பிள்ளையின் வாக்கியம்

அடுத்த வாக்கியம் தொலைவில் இருப்பவர்களுக்கானது. கெடாத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் லயத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் அங்கிருந்தும் கிளம்பிப் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர், அதையும் தாண்டிப் போகிறார்கள். ‘உன்னைப் பிரிந்து வாடுகிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ் யூ’ என்று மூன்றே சொற்களில் முடிப்பார்கள். மலாயில் ‘ரிண்டு’ என்ற அழகான ஒரே சொல் இருக்கிறது. பிரெஞ்சில்?

‘த்யூ ம மாங்க்’. இதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், ‘நீ - எனக்கு - குறைகிறாய்’ என்று வரும். வாடுகிறவர் எழுவாய் அல்ல. இல்லாமல் போனவரே எழுவாய். ஆங்கிலம் பேசுபவர் பழக்கதோஷத்தில் ‘நான்’ என்று தொடங்கி ‘ஜ த மாங்க்’ என்று சொல்லிவிடுவார். அதற்கு ‘நான் இல்லாமல் நீ வாடுகிறாய்’ என்று பொருள்! ஏங்கிக் கிடப்பவர் தானாக இருக்க, எதிரில் இருப்பவரை ஏங்க வைத்துவிட்டார். பிரெஞ்சு கற்கும் ஆங்கிலேயர் அடிக்கடி செய்யும் தவறு இது.

தமிழ் வீட்டில் இந்த உணர்வை எப்படிச் சொல்கிறார்கள்? ‘எனக்கு உன் ஞாபகமாவே இருக்கு.’ ‘நீ இல்லாம எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.’ ‘எனக்கு வீடே வெறிச்சுனு இருக்கு.’ எதிலும் ‘நான்’ முன்னால் வரவில்லை. எல்லாவற்றிலும் ‘எனக்கு’தான். இந்த வாக்கியங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பிரெஞ்சின் ‘ம’ எங்கே வரும், ‘த’ எங்கே வரும் என்ற குழப்பம் வராது. ‘நீ இல்லாமல் உன் அம்மாவுக்கு வீடு நிறையவில்லை’ என்பதைப் பிரெஞ்சில் ‘த்யூ மாங்க் ஆ தா மேர்’ என்பார்கள். நீ - குறைகிறாய் - உன் அம்மாவுக்கு. ஆங்கிலத்தில் யோசித்தால் தலைகீழாகத் தெரியும் வாக்கியம், தமிழில் யோசித்தால் நேராக நிற்கிறது.

நீயா, நீங்களா?

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. பிரெஞ்சில் நெருக்கமானவருக்கு ‘த்யூ’, மரியாதைக்கும் பன்மைக்கும் ‘வூ’. இதை ஆங்கிலேயருக்கு விளக்கப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தமிழருக்கு ஒரே வரி போதும்: நீ, நீங்கள்.

ஆனால் எல்லைக்கோடு ஒரே இடத்தில் இல்லை. தமிழ் வீட்டில் அப்பாவை ‘நீங்க’ என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். மனைவி கணவனை ‘நீங்க’ என்பதும் உண்டு. இன்றைய பிரெஞ்சு வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, கணவன், மனைவி எல்லாரும் பெரும்பாலும் ‘த்யூ’தான். அது மரியாதைக் குறைவு அல்ல. மாறாக, முதல்முறை சந்திக்கும் கடைக்காரரை ‘த்யூ’ என்றால் அவர் முகம் சுளிப்பார். வயதைப் பார்ப்பதை விட நெருக்கத்தைப் பார்க்க வேண்டும்.

செல்லப் பெயர்களிலும் இரு பக்கமும் ஒரே குணம். இங்கே கண்ணு, தங்கம், ராசா என்று கொஞ்சுகிறார்கள். அங்கே ‘மோன் ஷூ’ என்று கொஞ்சுவார்கள். ‘ஷூ’ என்றால் முட்டைக்கோஸ்! கேட்டுக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாக்கும் மூக்கும்

உச்சரிப்பிலும் தமிழ் கைகொடுக்கிறது. ஆங்கிலேயரின் ‘டீ’யைப் பிரெஞ்சுக்காரர் ‘தே’ என்கிறார் என்று பார்த்தோம். பிரெஞ்சில் நாக்கு பல்லைத் தொட்டு ‘த’ என்றுதான் ஒலிக்கும். ஆங்கிலேயர் அதை மேலே தூக்கி ‘ட’ போலச் சொல்லி மாட்டிக்கொள்வார். ‘ப’, ‘க’ ஒலிகளையும் அவர் மூச்சை ஊதித் தள்ளிச் சொல்வார். தமிழைப் போலப் பிரெஞ்சிலும் அந்த ஊதல் இல்லை.

‘பியேன்’ என்ற சொல்லின் கடைசியில் உள்ள ‘ன்’ முழுதாக ஒலிக்காது, மூக்கில் கரையும். இது எப்படி என்று யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. ‘அவன் வந்தான்’ என்பதை வேகமாகப் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’ மூக்கில் கரைந்துவிடுகிறதே, அதேதான்.

தமிழ் உதவாத இடங்களும் இருக்கின்றன. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று பிரெஞ்சு வைத்திருக்கும் பட்டியலுக்குத் தமிழில் வழிகாட்டி கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் ‘ல’, ‘லா’ சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். எழுதுவது ஒன்று, உச்சரிப்பது வேறொன்று என்ற தொல்லைக்கும் தமிழில் மருந்தில்லை. இதற்கு உழைப்புதான் வழி.

வீட்டில் இருப்பதைத் தொலைக்காமல்

இவ்வளவு உதவியும் ஒரே ஒரு நிபந்தனையில்தான் கிடைக்கும். பிள்ளைக்குத் தமிழில் அந்த வாக்கியங்கள் வர வேண்டும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த வீடுகளில், பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயந்து தமிழ்ப் பேச்சைக் குறைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ‘எனக்கு இது பிடிச்சிருக்கு’ என்று சொல்ல வேண்டிய பிள்ளை, ‘நான் இதை லைக் பண்றேன்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டது. சொல் மட்டும் மாறியதாகத் தோன்றும். ஆனால் ‘எனக்கு’ போய் ‘நான்’ வந்துவிட்டதைக் கவனித்தால், வாக்கியத்தின் எலும்பே மாறிவிட்டது தெரியும். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளை நாளைக்குப் பிரெஞ்சோ, ஸ்பானியமோ, இத்தாலியமோ படிக்கப் போனால், ஆங்கிலேயர் இடறும் இடத்திலெல்லாம் தானும் இடறும். அந்த மொழிகளிலும் பிடித்தது ‘எனக்கு’த்தான் பிடிக்கும்.

தாய்மொழி இன்னொரு மொழிக்குத் தடை என்ற எண்ணம் இந்தக் கணக்கில் தவறாகிறது. அதிகாலையில் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டி, பள்ளிக்கூட வாசலையே பார்க்காத ஒரு பாட்டி ‘எனக்கு உன் ஞாபகமாவே இருக்குடா’ என்று பேரனிடம் சொல்கிறாரே, பிரெஞ்சு இலக்கணத்தின் கடினமான ஒரு பாடத்தை அவர் பேரனுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு விருப்ப வாக்கியம் வந்தால், அதை முதலில் ஆங்கிலத்தில் மாற்றாமல், வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வோம் என்று தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘எனக்கு’ வருகிறதா, ‘நான்’ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு பிரெஞ்சில் எழுத வேண்டும். எழுதியது ஆளைப் பற்றியதாக இருந்தால், அனுப்பும் முன் ‘பியேன்’ வேண்டுமா, வேண்டாமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பிள்ளை பிரெஞ்சு படிக்கும் வீட்டில் பெற்றோருக்கும் வேலை உண்டு. அவர்களுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. வார இறுதியில் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, ‘இதை நம்ம பாஷையில எப்படிச் சொல்லுவ?’ என்று கேட்டு, அது சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால் போதும்.